மருந்தைத் தின்ற மண்

பூச்சி அண்ணன் என்றால் எங்கள் கடைத்தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பூச்சிமருந்து விற்கிறவருக்குப் பூச்சி என்றே ஊர் பெயர் வைத்துவிட்டது. அவரும் கோபித்துக்கொண்டதில்லை. "எலிமருந்து ஏஜென்சியும் கேட்டேன், நல்லவேளை கெடைக்கல" என்று சொல்லிச் சிரிப்பார்.

என் தையல் கடை அவர் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. மெஷினில் குனிந்து நிமிர்ந்தால் அவர் முகம்தான். அவர் போடுகிற தும்மல் சளித் தும்மலா, மருந்து நெடியில் வந்த தும்மலா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. இன்று ஊரில் பாதிப் பேர் அவரைத் தெய்வம் என்கிறார்கள், மீதிப் பேர் பாவி என்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வேறு வேலை இல்லை.

நீளமான, குறுகலான கடை அது. முன்பக்கம் விதைப் பொட்டலங்களும் உர மூட்டைகளும். கொடிய மருந்துகள் எல்லாம் பின்பக்கம், கம்பி வலை போட்ட அலமாரியில். சாவி அவர் இடுப்பில் இருக்கும். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். யார் வந்து "இலை சுருளுது, ஏதாவது குடுங்க" என்றாலும் உடனே மருந்தை எடுத்து நீட்ட மாட்டார். செடியை வேரோடு கொண்டு வரச் சொல்வார். அதைப் பலகை மேல் படுக்க வைத்து, பிளேடால் தண்டைக் கீறி, கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்ப்பார். "காலைல வாடுதா, வெயில் ஏறினப்புறம் வாடுதா? தண்ணி எப்ப விட்டீங்க?" என்று ஆஸ்பத்திரியில் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்பார்.

"அண்ணே, எனக்கும் முதுகு வலிக்குது, அப்படியே கொஞ்சம் பாத்துடுங்களேன்" என்று நான் இங்கிருந்தே சத்தம் போடுவேன்.

"புழு வெச்சிருந்தா சொல்லுங்க டெய்லரம்மா. இல்லன்னா நான் கை வெக்க முடியாது."

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. தன் கடையில் போலி மருந்து கிடையாது என்பதுதான் அது. வேறு சில கடைகளில் பழைய பாட்டிலில் நிறம் கலந்த தண்ணீரை ஊற்றி மூடி போட்டு விற்றார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம். இவர் ஒருமுறை பெட்டியில் சீல் சரியில்லை என்று சந்தேகம் வந்து, சரக்கு கொண்டுவந்த ஆளை நடுத்தெருவில் நிறுத்தி வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். பெட்டி மொத்தமும் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. அன்று தெருவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. "எங்கிட்ட இருக்கறது ஒரிஜினல். அதனாலதான் பயப்படணும்னு சொல்றேன்" என்பார். மருந்து வாங்குகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக என்னிடம் தடித்த துணியில் முகமூடி தைத்து வாங்குவார், முழுக்கைச் சட்டையும் தைக்கச் சொல்வார். வாங்கிப் போனவர்களில் பலர் அந்த முகமூடியால் வண்டியைத் துடைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அவருக்கு ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, இவர்தான் அவளைப் படிக்க வைத்து, தலைவாரி விட்டு, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்தார். கல்யாணமாகி மனைவி வந்த பிறகும் அந்த வீட்டில் தங்கச்சி சொன்னதுதான் சட்டம். அவளைக் கட்டிக்கொடுத்த இடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மாப்பிள்ளை முட்டைக்கோஸ் விவசாயி. நல்ல உழைப்பாளி. பேச ஆரம்பித்தால் தெருக்கோடி வரை கேட்கும், சிரித்தால் அதற்கு அப்பாலும் கேட்கும். மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போகவும் போகும்.

கல்யாணமான புதிதில் அந்த வயலில் வேர்ப்புழு விழுந்தது. வெள்ளை வெள்ளையாக, அரிசி கனத்தில் இருக்கும். மண்ணுக்குள் இருந்தபடியே வேரைத் தின்றுவிடும். மேலே பார்த்தால் செடிக்கு ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கும். வெயில் ஏறியதும் துவளும். பிடித்து இழுத்தால் தடையே இல்லாமல் கையோடு வந்துவிடும். பூச்சி அண்ணன் யோசித்து யோசித்து ஒரு மருந்தை எடுத்துக் கொடுத்தார். தண்ணீரில் கலந்து வேரடியில் ஊற்றுகிற மருந்து. ஊற்றிய வாரமே செடி தலை நிமிர்ந்தது. மாப்பிள்ளை கடைக்கு வந்து, "மச்சான், நீங்க மனுஷனே இல்ல" என்று கட்டிப்பிடித்ததை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து அந்த வயலுக்கு அந்த மருந்துதான். மற்ற விவசாயிகளுக்கு இந்தத் தடவை ஒன்று, அடுத்த தடவை வேறொன்று என்று மாற்றிக் கொடுப்பார். கையிருப்பு எது இருக்கிறதோ அது. தங்கச்சி வீட்டு வயலுக்கு மட்டும் மாற்ற மாட்டார். சரக்கு வந்ததும் அவளுக்கு உரியதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை அடுக்குவார். "வேற புதுசு வந்திருக்காமே அண்ணே" என்று யாராவது சொன்னால், "நல்லது ஒண்ணு கைல இருக்கும்போது எந்தங்கச்சி வயலயா சோதிச்சுப் பாக்கச் சொல்றீங்க?" என்பார். ஒவ்வொரு நடவுக்கும் அதே மருந்து. வருஷங்கள் ஓடின.

பிறகு ஒரு நடவில் மருந்துக்குப் புழு அடங்கவில்லை.

முதலில் ஒரு மூலையில்தான் செடிகள் துவண்டன. மாப்பிள்ளை இன்னொரு தடவை ஊற்றினார். வயலில் பாதி துவண்டது. அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு, "அளவு சரியாத்தானே இருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று முழுக்க அலமாரியைத் திறந்து அந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம் மாப்பிள்ளை ஒரு சாக்கு நிறையச் செத்த செடிகளைக் கொண்டுவந்து கடைவாசலில் கொட்டினார். காலை வியாபார நேரம், தெரு நிறைய ஜனம்.

"பாருங்க எல்லாரும்! இதுதான் ஒரிஜினல் மருந்து போட்ட கோஸு!"

"உள்ள வாங்க மாப்பிள்ளை, உக்காந்து பேசலாம்."

"என்ன பேசறது? எத்தன வருஷமா நல்லதக் குடுத்து நம்ப வெச்சு, இப்பத் தண்ணியக் குடுத்துட்டியே! ஊரான் பண்ணியிருந்தா ஒதச்சுட்டுப் போயிருப்பேன். நீ எம் பொண்டாட்டியோட அண்ணன்!"

அதுவரை மச்சானை 'நீங்க' என்றே பேசியவர். முதல்முறையாக 'நீ' என்றார். தெருவில் நின்றவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. சீல் சரியில்லாத பெட்டியைத் திருப்பி அனுப்பிய நாளில் கைதட்டிய அதே ஆட்கள்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

அன்று மாலை தங்கச்சி போன் செய்தாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வைத்துவிட்டு என் கடைக்கு வந்து, துணி வெட்டுகிற மேஜை ஓரமாக உட்கார்ந்தார்.

"வேற யாராவதுன்னா ஏமாத்திட்டாங்கன்னு விட்டுருவேன், நீ ஏன் அண்ணா இப்படிப் பண்ணினன்னு கேக்கறா டெய்லரம்மா. இனிமே போன் பண்ணாதங்கறா." மேஜையில் கிடந்த துணித் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். "கடைய மூடணும்னா மூடிட்டுப் போயிடறேன். நான் வளத்த பொண்ணு என்னத் திருடன்னு நெனச்சா, நான் எதுக்கு இருக்கணும்?"

மருந்துக் கடைகளில் சரக்கைச் சோதிக்க வருகிற அதிகாரி அம்மா ஒருவர் உண்டு. மண் பரிசோதனையும் அவர் பொறுப்பில்தான். இவரே அவரை வரவழைத்து, அதே பெட்டியில் மிச்சமிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். மருந்து சரியான வீரியத்தில் இருக்கிறது என்று சோதனையில் தெரிந்தது. அண்ணன் ஆள் மூலமாக அதை மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினார். "அவரு கடைல உக்காந்து டீ குடிக்கறவங்க வேற எப்படிச் சொல்லுவாங்க?" என்று பதில் வந்தது.

அதிகாரி அம்மா அடுத்த தடவை வந்தபோது ஒன்று கேட்டார். "அந்த வயலுக்கு எவ்வளவு காலமா இதே மருந்தக் குடுக்கறீங்க?"

"ஆரம்பத்துலேர்ந்தே இதுதாம்மா. மாத்தினதே இல்ல."

"அப்ப பாட்டில விடுங்க. மண்ணப் பாக்கணும்."

நானும் மெஷினை நிறுத்திவிட்டுப் போய் நின்றேன். அந்த அம்மா நிதானமாகச் சொன்னார். "மண்ணுல கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிங்க இருக்கு. ஒரு கைப்பிடி எடுத்தா கோடிக்கணக்குல இருக்கும். அதுல சிலதுக்கு இந்த மருந்த உடைச்சுத் தின்னத் தெரியும். மொதல்ல ஏதோ கொஞ்சம்தான் இருந்திருக்கும். நீங்க ஒவ்வொரு நடவுக்கும் அதே சாப்பாட்டப் போட்டீங்க. அதத் தின்னத் தெரிஞ்சது மட்டும் பெருகிப் பெருகி இப்ப வயல் பூரா அதுங்கதான். மருந்து விழுந்த சில நாள்ல தின்னு தீத்துடுது. புழு முட்டையிலேர்ந்து வர்றப்ப மண்ணுல ஒண்ணும் மிச்சம் இல்ல."

"விஷத்தத் தின்னா அதுங்க சாகாதாம்மா?"

"விஷம் பூச்சிக்கும் நமக்கும்தான். அதுங்களுக்கு அது ஆகாரம். ஒரு வகைல நாம அதுங்களக் கும்பிடணும். இல்லன்னா ஊத்தின மருந்தெல்லாம் இன்னிக்குக் கெணத்துல இருக்கும்."

"மத்த வயல்ல ஏன் இப்படி ஆகல?"

"மத்தவங்களுக்கு மருந்த மாத்தி மாத்திக் குடுத்திருப்பீங்க."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி வயலுக்கு மட்டும் நல்லதையே கொடுக்க வேண்டும் என்று கண்ணும் கருத்துமாகச் செய்ததுதான் அந்த வயலைக் கெடுத்திருக்கிறது. அது அவருக்குப் புரிந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"வாயால சொன்னா மாப்பிள்ளை நம்ப மாட்டாரும்மா. கண்ணால காட்ட வழி இருக்கா?"

வழி இருந்தது. மூன்று தொட்டிகள் வேண்டும். ஒன்றில் மாப்பிள்ளை வயல் மண். இரண்டாவதிலும் அதே மண்தான், ஆனால் நன்றாக வேகவைத்தது. வெந்தால் கிருமிகள் செத்துவிடும். மூன்றாவதில் மருந்தே படாத வீட்டோரத்து மண். மூன்றிலும் ஒரே பாட்டிலிலிருந்து ஒரே அளவு மருந்தை ஊற்ற வேண்டும். உடனே புழுவை விட்டால் மூன்றிலும் செத்துப்போகும், அதில் ஒன்றும் தெரியாது. மருந்தைத் தின்ன கிருமிகளுக்கு அவகாசம் கொடுத்து, இரண்டு மூன்று வாரம் பொறுத்து விட வேண்டும். வயல் மண்ணில் புழு பிழைத்து மற்ற இரண்டிலும் செத்தால் குற்றம் மருந்தில் இல்லை என்று குழந்தைக்கும் விளங்கிவிடும்.

வயலின் ஓரப் பாத்தியில், செடி வேரடியிலிருந்து ஆள் வைத்து மண் எடுத்து வந்தார். அதை வேகவைக்க வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டி, குக்கரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"தங்கச்சி வயல் மண்ணுன்னா எங்குக்கர்லதான் வேகணுமா?" என்று அவர் மனைவி கத்தியது எங்கள் வீடு வரை கேட்டது. "நாளைக்கு அந்த வயல்ல இருக்கற தவளைக்கும் பாய் விரிக்கச் சொல்லுவீங்க!"

அந்த அம்மாள் அதன்பிறகு அந்தக் குக்கரைத் தொடவே இல்லை. சரியான காரியம்தான்.

தொட்டிகளைக் கடைவாசலில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். சாக்கட்டியால் 'வயல்', 'வெந்தது', 'வீட்டோரம்' என்று எழுதினார். தெருவில் கிண்டலுக்குப் பஞ்சமில்லை. "என்ன அண்ணே, மண்ணு வெந்துருச்சா, பந்தி எப்ப?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடையைத் திறந்ததும் தொட்டிகளைத்தான் தொட்டுப் பார்ப்பார். மண் காய்ந்தால் துளித் துளியாகத் தண்ணீர் தெளிப்பார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேறொரு நிரூபணம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை சீசனுக்கு வேண்டிய மருந்தை முன்னாலேயே மொத்தமாக வாங்கி வைத்திருந்தார். அதைத் தூக்கி எறியவும் மாட்டேன், வேறு வாங்கவும் மாட்டேன் என்று நின்றார். இந்தத் தண்ணீரையே மூன்று மடங்கு ஊற்றி, அப்படியும் புழு சாகவில்லை என்று ஊருக்குக் காட்டுகிறேன் என்று சபதம். கையுறை இல்லை, முகமூடி இல்லை. பக்கத்து வயல்காரர்கள் பார்க்க, மருந்தை வெறும் கையில் ஊற்றி முழங்கை வரை தடவிக் காட்டினாராம். "பாத்தீங்களா, என்ன ஆச்சு எனக்கு? சுத்தத் தண்ணி" என்றாராம். வாய்க்கால் பக்கத்திலிருந்து காய் கொண்டுவந்து விற்கிற அம்மாள் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தபோது இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

உடனே தெருவைத் தாண்டிப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"அண்ணே, இப்பவே கெளம்புங்க. காலுல விழுந்தாவது நிறுத்துங்க."

"போன தடவ ஆள் அனுப்பினதுக்கே என்ன சொன்னாரு? நேர்ல போனா அடிச்சுத் தொரத்துவாரு டெய்லரம்மா. சும்மா போய்ப் பேசினா நம்ப மாட்டாரு. தொட்டி முடியட்டும். கையோட கொண்டு போய்க் காட்டறேன்."

"தொட்டி இருக்கட்டும். மருந்து ஒரிஜினல்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"அதத்தான் அவருக்கும் தெரிய வெக்கணும்னு சொல்றேன்."

சும்மா இருந்தார் என்று சொல்ல மாட்டேன். தங்கச்சிக்குப் போன் செய்தார், அவள் எடுக்கவில்லை. காய்க்கார அம்மாளிடம் கையுறையும் நான் தைத்த முகமூடியும் கொடுத்து, "மருந்து நெசம், வெளையாட வேண்டாம், மேல பட்டா சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார். "தண்ணிக்கு எதுக்கு முகமூடி?" என்று மாப்பிள்ளை அதைச் செடிக்கு மாட்டிவிட்டுச் சிரித்தாராம். எல்லாம் செய்தார் பூச்சி அண்ணன். தன் காலை மட்டும் எடுத்து வைக்கவில்லை. போனால் வென்றுவிட்டுத்தான் போவது என்று இருந்தார். தன் பெயரில் ஒட்டிய கறையைத் துடைத்துவிட்டுத்தான் தங்கச்சி வாசலை மிதிப்பேன் என்ற வீம்பு. எனக்கு அவர்மேல் எத்தனையோ மரியாதை உண்டு. அந்த வீம்பை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வயலில் ஒருவன் தன் தோலை வைத்து நிரூபிக்கிறான், கடையில் ஒருவன் தொட்டியை வைத்து நிரூபிக்கிறான். நடுவில் ஒரு பெண் இருப்பது இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று.

அதிகாரி அம்மா சொன்ன அவகாசம் முடிந்தது. அண்ணன் மூன்று தொட்டியிலும் தீனிக்குக் கிழங்குத் துண்டு வைத்துப் புழுக்களை விட்டார். சில நாட்கள் மூடியே வைத்திருந்து, ஒரு காலையில் தெருவில் உள்ளவர்களை எல்லாம் கூப்பிட்டு, பழைய செய்தித்தாளை விரித்துத் தொட்டிகளைக் கவிழ்த்தார். வீட்டோர மண்ணில் எல்லாப் புழுவும் கறுத்துச் சுருண்டு கிடந்தது. வெந்த மண்ணிலும் அப்படியே. வயல் மண்ணைக் கவிழ்த்ததும் வெள்ளை வெளேரென்று கொழுத்து நெளிந்தன.

பூச்சி அண்ணன் அதில் ஒன்றைக் குச்சியால் எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "உயிரோட இருக்கு! பாருங்க, உயிரோட இருக்கு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. கிண்டல் செய்த ஆட்கள் எல்லாம் குனிந்து பார்த்து, தலையை ஆட்டினார்கள். "அப்ப மருந்து நல்லதுதாம்பா" என்றது கூட்டம். மண்ணைத் திரும்பத் தொட்டிகளில் அள்ளிப் போட்டு, வண்டியின் பின்னால் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். "இப்ப போறேன் டெய்லரம்மா எந்தங்கச்சி வீட்டுக்கு" என்றார்.

அந்த நேரத்தில்தான் அவர் போன் அடித்தது. தங்கச்சி. இத்தனை வாரம் கழித்து அவளே கூப்பிடுகிறாள். அவர் சிரித்த முகத்தோடு எடுத்தார்.

"நானே வந்துட்டு இருக்கேம்மா, வண்டில..."

கயிறு கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் வண்டியில் ஏறினேன். தொட்டிகளை யாரோ இறக்கி வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். தங்கச்சி வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருந்தை வேரடியில் விட மாப்பிள்ளை முதுகில் மாட்டியிருந்த தெளிப்பானில் மூடி சரியில்லை. காலை முழுக்க ஒழுகி முதுகுச் சட்டை நனைந்துகொண்டே இருந்திருக்கிறது. "சட்டைய மாத்துங்கன்னேன். தண்ணிதானே, காஞ்சிடும்னாரு" என்றாள். பிறகு வியர்த்துக் கொட்டி, எச்சில் வழிந்து, பார்வை மங்கி, வரப்பிலேயே விழுந்திருக்கிறார்.

இளம் வயது டாக்டர் ஒருவர் வேகமாக வெளியே வந்தார்.

"மருந்து பாட்டில் கொண்டு வந்தீங்களா? யார்கிட்ட வாங்கினது?"

"எங்கிட்டதான் சார்" என்று பூச்சி அண்ணன் பாட்டிலின் பெயரையும் அதன் வீரியத்தையும் சொன்னார்.

டாக்டர் ஒரு கணம் அவரையே பார்த்தார். "நெறைய எடத்துல போலி விக்கறாங்க. போலியா இருந்தா நமக்கு நல்லது, ஒடம்புக்குள்ள கொஞ்சந்தான் போயிருக்கும். சொல்லுங்க, இது எப்படி?"

தங்கச்சி திரும்பினாள். அண்ணனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போலின்னு சொல்லுண்ணா."

அவர் டாக்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தண்ணிதான்னு சொல்லு அண்ணா. அவரு சொன்ன மாதிரியே சொல்லிடு. உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன், யாரயும் சொல்ல விட மாட்டேன். போலின்னு சொல்லு."

வாழ்க்கையில் அவர் எதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாரோ, அதைத் தங்கச்சி முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டி வந்தது. "ஒரிஜினல் சார். சீல் உடைக்காதது. மூணு மடங்கு கலந்திருக்காரு" என்றார். டாக்டர் உள்ளே ஓடினார். தங்கச்சியின் கைகள் சட்டையிலிருந்து மெல்ல இறங்கின.

முடிந்ததை எல்லாம் செய்தார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளை போய்விட்டார்.

தெருவில் அதன்பிறகு யாரும் அவரைப் போலி மருந்து விற்றவர் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் கூசுகிற ஒன்றையும் சொல்கிறேன். கடையை மறுபடி திறந்ததும் அதே மருந்தைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஆளையே கொன்றுவிட்டதே, அப்படியானால் நல்ல வேகமுள்ள மருந்துதான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எதிர்க்கடையிலிருந்து நான் திட்டிய திட்டில் இரண்டு பேர் வந்த வழியே திரும்பிப் போனார்கள். அண்ணன் திட்டவில்லை. "அது இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு விதைப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடி கழுத்தில் இல்லை. வேரோடு செடி கொண்டுவந்தவர்களை அதிகாரி அம்மாவிடம் போகச் சொன்னார்.

தங்கச்சி கூப்பிட்டு அனுப்பியதாகச் சொல்லி ஒரு நாள் என்னையும் துணைக்கு வரச் சொன்னார். தனியாகப் போகப் பயந்தார் என்பது எனக்குத் தெரியும். அவள் வீட்டில் இல்லை, வயலில் இருந்தாள். செத்த செடிகளைப் பிடுங்கி வரப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வேலையை நிறுத்தவில்லை. ஒவ்வொரு செடியும் தொட்டவுடன் வந்தது.

"அண்ணா, உன்னைத் திட்டக் கூப்பிடல" என்றாள். "ஒண்ணு கேக்கணும். மருந்து நல்ல மருந்துதானே? அப்ப இந்தப் புழு ஏன் சாகல? அவருக்கு அதான் தெரியணும்னு இருந்துச்சு. எனக்காவது சொல்லு."

தொட்டிகளோடு வண்டியேறி, சிரித்துக்கொண்டே வந்து சொல்ல நினைத்ததை எல்லாம் அவர் அந்த வரப்பில் நின்று சொன்னார். வருஷக்கணக்கில் ஒரே மருந்து விழுந்ததையும், மண்ணில் உள்ள கிருமிகள் அதைத் தின்னப் பழகியதையும், ஊற்றிய சில நாளில் விஷம் இருந்த இடம் தெரியாமல் போவதையும் சொன்னார். மருந்தை மாற்றாமல் கொடுத்தது தான்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கடைசியில், நேரில் வந்து தடுக்காமல் தொட்டி முடியட்டும் என்று காத்திருந்ததையும் சொன்னார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குனிந்து, செடி இருந்த குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். கருப்பாக, ஈரமாக, சாதாரண மண்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு விஷத்தையும் தின்னு தீத்திருக்கு. அவரு இதுலதாண்ணா விழுந்து கெடந்தாரு. நான் போய்த் தூக்கறப்ப முதுகெல்லாம் இந்த மண்ணுதான் ஒட்டியிருந்துச்சு. அவரு மேல இருந்தத மட்டும் ஏண்ணா விட்டுருச்சு?"

பூச்சி அண்ணன் வரப்பிலேயே உட்கார்ந்து, தலையில் கையை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார். மாப்பிள்ளை இறந்த நாளில்கூட அவர் அப்படி அழவில்லை. தங்கச்சி அவரைத் தேற்றவில்லை. விட்டுவிட்டுப் போகவும் இல்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.